ஒரே விரிப்பில் சேர்ந்த உணவு



 

யமன் நாட்டிலிருந்து வந்த அஷ்அரீ குலத்தாரைக் குறித்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாராட்டிக் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. போர்ப் பயணத்தில் உணவு தீர்ந்துபோனாலும், மதீனாவில் தம் குடும்பத்தாரின் உணவு குறைந்தாலும், அவர்கள் தத்தம்மிடம் எஞ்சியதைக் கொணர்ந்து ஒரே விரிப்பில் சேர்ப்பார்கள். பின்னர் ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். இத்தகையோர் தம்மைச் சேர்ந்தவர்கள், தாமும் அவர்களைச் சேர்ந்தவர் என்று நபியவர்கள் அருளினார்கள். ஒரு குலத்திற்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேறென்ன வேண்டும்?

அங்கே எவரும் எவரிடமும் கையேந்தவில்லை. விரிப்பில் கொட்டிய பிறகு கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற பேதமே இல்லாமற் போயிற்று.

சகோதரர்களே! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், ஃபீனிக்ஸ் நகரில், 1960களில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான உணவுக்கூடத்தில் தொண்டு செய்து வந்தார். மளிகைக் கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியில் கிடைப்பதைக் கொண்டு தன் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாயை அவர் சந்தித்தார். தொட்டியில் கிடந்தவை கெட்டுப்போன உணவல்ல; பெட்டி நசுங்கியவை, விற்பனைத் தேதி நெருங்கியவை. பணத்தைப் போட்டு எடுக்கும் வங்கியைப் போல, வீணாகும் உணவைச் சேர்த்துவைத்துத் தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று அந்தத் தாயே சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒரு கிறித்தவ ஆலயம் கைவிடப்பட்ட ரொட்டிக்கூடம் ஒன்றையும் சிறிது பணத்தையும் தர, 1967இல் உலகின் முதல் உணவு வங்கி பிறந்தது. முதலாண்டிலேயே 2,75,000 பவுண்டு உணவு அங்கிருந்து பகிரப்பட்டது. நன்மை எவர் கையால் நடந்தாலும் அதை நன்மையென்று சொல்ல நாம் தயங்கக் கூடாது.

ஆயினும் உணவு வங்கி மட்டுமே பசியைத் தீர்த்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டில் அதே நாட்டில் நூற்றுக்கு 13.5 குடும்பங்கள் போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தன என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. உணவு வங்கிகள் ஒரு வேளை உணவு தந்தால், அரசின் உணவு உதவித் திட்டம் ஒன்பது வேளை தருகிறது என்பது அவ்வங்கிகளின் கூட்டமைப்பே கூறும் கணக்கு. 2025 நவம்பரில் அரசின் நிதி முடக்கத்தால் அவ்வுதவி தடைப்பட்டபோது வங்கிகளின் வாசல்களில் வரிசை நீண்டது. பெரிய கயிறு அறுந்தால் சிறிய கயிறு எவ்வளவு பாரத்தைத்தான் தாங்கும்?

எகிப்தில் 2006இல் தொடங்கப்பட்ட உணவு வங்கி நமக்கு இன்னும் நெருக்கமானது. குர்பானி இறைச்சியை டப்பாக்களில் அடைத்துப் பல மாதங்களுக்குப் பின்னும் ஏழைகளுக்குச் சேர்க்கும் ஏற்பாட்டை அது செய்தது. பசியால் வாடிய கிராமத்து அரபியர் மதீனாவுக்கு வந்த ஆண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், அந்த நெருக்கடி நீங்கியபின் சேமித்துக்கொள்ள அனுமதித்தார்கள். சேமிப்பதும் பகிர்வதும் அண்டைவீட்டுப் பசியைப் பார்த்தே முடிவாக வேண்டும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகள் பெருநாளுக்குப் பின் எத்தனை நாள் நிரம்பியிருக்கின்றன என்பதை நானா சொல்ல வேண்டும்?

நம் தமிழகத்தில் நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசியே பெரிய கயிறு. அல்ஹம்துலில்லாஹ், அது பல அடுப்புகளை அணையாமல் காக்கிறது. ஆனால் கணவனால் கைவிடப்பட்டுத் தாய்வீட்டின் ஒரு மூலைக்குத் திரும்பிய பெண்ணின் பெயர் இன்னும் கணவன் வீட்டு அட்டையில் இருக்கும். வேற்றூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவரிடம் முகவரிச் சான்று இருக்காது. அரிசி கிடைத்தாலும் பருப்பும் எண்ணெயும் வாங்க வழியிராத வீடுகளும் உண்டு. இவர்கள் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நின்று கேட்பவர்கள் அல்லர். கேட்காத காரணத்தால் வசதியுள்ளவர்களென்று பிறரால் எண்ணப்படும் ஏழைகளைத் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் தனியே குறிப்பிடுகிறது.

ரமளானில் நம் தெருக்களில் கஞ்சி பெருக்கெடுக்கிறது. வலீமா விருந்தில் பிரியாணி மிஞ்சுகிறது. மற்றப் பதினொரு மாதங்களுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்?

நம் பைத்துல்மாலில் ஓர் அறையை ஒதுக்குவோம். சமைத்த உணவு வேண்டாம். அது அன்றே கொடுக்கப்பட வேண்டியது. அரிசி, பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு ஆகியவை மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படியேனும் வரட்டும். வந்த தேதியை எழுதிவைத்து, முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும். நாம் உண்ணத் தயங்கும் பொருளை அங்கே கொண்டுவர வேண்டாம். புகைப்படம் வேண்டாம், மேடை வேண்டாம். மஃரிபுக்குப் பின் பெண்கள் இருவர் பெண்களின் வீடுகளுக்குக் கொண்டுசெல்லட்டும். அத்துடன், படித்த இளைஞர் இருவர் வாரத்தில் ஒருநாள் அமர்ந்து, அட்டையில்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, வட்ட வழங்கல் அலுவலகம்வரை உடன் செல்லட்டும். ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். சரியான ஓர் அட்டை பல ஆண்டுகளுக்கு உணவாகும்.

இன்று தொழுகைக்குப் பின் முதவல்லி அவர்கள் பள்ளியின் கீழ்த்தளத்தில் இருப்பார்கள். பெயர் தர விரும்புவோர் அங்கே தரலாம். உதவி தேவைப்படுவோர் வரவேண்டியதில்லை. அவர்களை அறிந்த அண்டைவீட்டார் ஒருவர் மெல்லச் சொன்னால் போதும்.