முழங்காலில் தேய்ந்த பகுதி மட்டும்



விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்டு, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறியிறங்கும் உங்களுக்கு முழங்காலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. "மூட்டை மாற்ற வேண்டும்" என்று கேட்டதுமே அஞ்சி, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாதவர் பலர். மூட்டு முழுவதையும் மாற்றுவது ஒன்றே வழியன்று. நான் மருத்துவனல்லன், தகவல் அதிகாரி என்ற முறையில் அறிந்ததைக் கூறுகிறேன்.

முழங்காலில் உட்புறம், வெளிப்புறம், முன்னே சில்லுப்புறம் என மூன்று பகுதிகள் உள்ளன. தேய்வு பெரும்பாலும் உட்புறத்தையே தாக்குகிறது. எடையைக் குறைத்தும், தொடைத் தசைப் பயிற்சி செய்தும், மருந்துண்டும் வலி தணியாமல், அங்கே எலும்போடு எலும்பு உராயும் நிலை வந்தால் அறுவை சிகிச்சையைக் கருதலாம். ஏனைய பகுதிகளும் மூட்டைப் பிணைக்கும் நார்களும் நலமாயிருப்பின், தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும். முடக்குவாதத்தால் மூட்டு முழுதும் கெட்டவர்களுக்கு இது பொருந்தாது.

சிறிய கீறல் வழியே, தேய்ந்த எலும்புப் பரப்பை மட்டும் செதுக்கி, மேலும் கீழும் உலோகத் துண்டுகளைப் பதித்து, இடையே பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். கால் மடங்கும்போதும் நீளும்போதும் இடைவெளி சீராயிருத்தல் வேண்டும். வளைந்த காலை அளவுக்கு மீறி நிமிர்த்தினால், நலமாயிருந்த வெளிப்புறமும் தேய்ந்துவிடும். பட்டையைச் சீவும் கத்தி மரத்தைக் காயப்படுத்தாது காக்கும் உங்கள் கைப்பக்குவம் போன்றதே இது.

பலன் யாது? பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 528 நோயாளிகளை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. வலி நீங்குவதிலும் நடமாட்டத்திலும் இருமுறைகளும் ஏறக்குறைய சமம். பகுதி மாற்றுக்குச் செலவு குறைவு என்று அது கண்டது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, 25 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைப்பவை, முழு மாற்றில் நூற்றுக்குச் சுமார் 82. பகுதி மாற்றில் சுமார் 70. ஆகவே, இதில் உடல் தேறுவது விரைவு. மீண்டும் அறுவைக்குச் செல்லும் வாய்ப்போ சற்று அதிகம். அப்போது முழு மாற்றுச் செய்துகொள்ள வழியுண்டு. இதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவரிடம் பலன் கூடுதலாக நீடிக்கிறது.

எனவே, மருத்துவரிடம் தயங்காது மூன்று கேள்விகள் கேளுங்கள்: "என் மூட்டில் எந்தப் பகுதி தேய்ந்துள்ளது? நார்கள் நலமா? இம்முறையைத் தாங்கள் அடிக்கடி செய்வதுண்டா?" கேட்பது மரியாதைக் குறைவன்று. கால் உங்களுடையது; அதனை நம்பியிருப்பது உங்கள் குடும்பம்.