ஹோட்டல் படிப்புக்குப் பயப்பட வேண்டாம்
(பெற்றோர் கூட்டத்தில் மகளிர் அணித் தலைவி ஆற்றிய உரை)



பண்டாரவளை ஹோட்டல் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். “ஹோட்டல் வேலையா, தோட்டத்தில் என்ன பேசுவார்கள்?” என்று என் மகளை அனுப்பும்போது நானும் பயந்தவள்தான். அது 1964இல் தொடங்கிய அரசாங்க நிறுவனத்தின் கிளை.

கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இன்று ஹோட்டல். நம்மவர் கொழுந்து சுமந்துபோன கட்டடத்தில் வெளிநாட்டார் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அங்கே நம் பிள்ளை பெட்டி தூக்கினால் போதுமா? சமையல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு எல்லாம் முறையாகப் படித்தால் ஒருநாள் முகாமையாளர் நாற்காலியிலும் உட்காரலாம்.

சேர்க்கும் முன் கேளுங்கள்: எந்த மொழியில் படிப்பு? கட்டணம் எவ்வளவு? பயிற்சிக் காலத்தில் தங்குமிடத்துக்கு யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பம் நிரப்ப நம் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.