கணக்குப் பார்த்தேன், உடம்பைப் பார்க்கவில்லை
(நம் குடியிருப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். ஆனால் 52 வயதுவரை என் உடம்பைச் சரிபார்த்ததே இல்லை. மகள் நச்சரித்ததால் பாப் ஸ்மியர் செய்துகொண்டேன். வலியோ உதிரப்போக்கோ இல்லை; ஆனாலும் கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தது.

கால்போஸ்கோப் கருவியில் பார்த்து, துணுக்கெடுத்துச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தார்கள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, லேசரால் அந்தத் திசுவை மட்டும் ஆவியாக்கினார்கள். அன்றே வீடு திரும்பினேன். திரும்பவும் வரலாம் என்பதால் பரிசோதனையை இன்றும் விடுவதில்லை.

இந்த மாற்றம் புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். 30 வயதைத் தாண்டிய சகோதரிகளே, கூச்சப்படாமல் போய்ப் பாருங்கள். ஆண்களே, நீங்களும் நினைவூட்டுங்கள்.