வென்றவர் யார்?

(இராமநாதபுரத்தில் வாசக நண்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நாடு பிடித்த வேந்தன் ஒருவனின் வரலாற்றை எவ்வாறு ஆராய்ந்து எழுதுவது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அலெக்சாந்தரைப் பற்றிப் பேசுவான், சீசரைப் பற்றிப் பேசுவான் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். அத்தனை தொலைவு போவானேன்? நாம் கூடியிருக்கும் இந்தச் சேதுச் சீமையே, கடல் கடந்து வந்த பெரும்படை ஒன்றின் காலடி பட்ட மண்தான். அந்தப் படையை அனுப்பியவன் பொலன்னறுவையில் அரியணை ஏறி, 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு.

நடந்தது என்ன? மதுரை அரியணைக்குப் பாண்டியர் இருவர் போட்டியிட்டனர். ஒருவன் பராக்கிரம பாண்டியன். மற்றவன் குலசேகர பாண்டியன். குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டான். பராக்கிரம பாண்டியன் இலங்கை வேந்தனிடம் உதவி கேட்டான். படை புறப்படும் முன்பே அவன் கொல்லப்பட்டான். இறந்தவனின் மகன் வீர பாண்டியனுக்கு அரசைப் பெற்றுத்தர இலங்காபுரன் எனும் தளபதி வந்தான். இராமேசுவரம் அவன் கைக்கு வந்தது. குந்துகாலில் கோட்டை எழுப்பித் தன் அரசனின் பெயரையே அதற்குச் சூட்டினான். சோழப் பேரரசன் இரண்டாம் இராசாதிராசன் குலசேகரனுக்குத் துணை நின்றான். அண்ணன் தம்பி போன்றோர் மோதிக்கொள்ள, அயலார் இருவர் படை நடத்தினர். இது 1170-ஆம் ஆண்டையொட்டி நடந்த போர்.

சரி, வென்றவர் யார்? இங்கேதான் வரலாறு எழுதுவோனுக்குச் சோதனை தொடங்குகிறது!

பாலி மொழியில் பிக்குகள் எழுதிய சூளவம்சத்தைத் திறந்து பாருங்கள். இலங்காபுரனுக்கு வெற்றிமேல் வெற்றி! செம்பொன்மாரி, நெட்டூர், மானாமதுரை, தொண்டி என நமக்குப் பழகிய ஊர்ப்பெயர்கள் அந்த அயல்மொழி நூலில் அணிவகுத்து நிற்கின்றன. வீர பாண்டியன் முடிசூடுகிறான். பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு இங்கே செலாவணியாகிறது. வெற்றியின் நினைவாக இலங்கையில் பாண்டு விசயம் எனும் ஊர் உருவாகிறது.

நூலை மூடிவிட்டுக் கல்லைப் படியுங்கள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சோழர் தளபதி பல்லவராயன் இலங்கைப் படையை முறியடித்தான்; இலங்காபுரன் உள்ளிட்ட தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்துப் பொருத்தப்பட்டன என்கிறது அந்தக் கல். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டோ, உமாபதிதேவர் 28 நாள் பூசை நடத்தினார், பகைவர் தோற்றோடினர், அதற்காக அந்த ஊரே அவருக்குக் கொடையானது என்கிறது.

ஒருவன் மாலையிடுகிறான்; மற்றவன் தலையைக் கொய்கிறான். இருவரும் பேசுவது ஒரே மனிதனைப் பற்றி!

எதை நம்புவது? ‘நம் கல் சொல்கிறது, அதுவே மெய்’ என்று எழுதிவிடுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கல்லும் அரசனின் கல்தான். ஏடும் அரசனைப் புகழும் ஏடுதான். இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்பவனே வரலாற்றாசிரியன். நீலகண்ட சாத்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் செய்தது அதுதான். அவ்வாறு விசாரித்தால், சாட்சிகள் தாமே வாய்திறப்பர். தொடக்கத்தில் இலங்கைப் படை வென்று முன்னேறியதைச் சோழர் கல்வெட்டே மறைக்கவில்லை. குலசேகரன் மதுரையை விட்டு ஓட நேர்ந்ததை அது ஒப்புக்கொள்கிறது. இலங்காபுரனின் ஒவ்வொரு வெற்றியையும் விரித்துப் பாடும் சூளவம்சமோ, அவன் முடிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வென்ற தளபதி நாடு திரும்பியிருந்தால், வரவேற்பைப் பாடாமல் விட்டிருப்பாரா அந்தப் புலவர்? சில வேளைகளில், எழுதப்பட்டதைவிட எழுதாமல் விட்டதே பெரிய சான்றாகிறது.

இன்னொன்று கேளுங்கள். எந்தக் குலசேகரனுக்காகச் சோழர் குருதி சிந்தினரோ, அதே குலசேகரன் பின்னர் இலங்கை வேந்தனோடு கைகோத்தான். உடனே சோழர் யாரை ஆதரித்தனர் தெரியுமா? நேற்றுவரை பகைவனாயிருந்த வீர பாண்டியனை! இதை இன மானப் போர் என்று எழுதுவோர் இந்தப் பக்கத்தை என்ன செய்வர்? கிழித்தெறிவரா?

நண்பர்களே! சோதனை இதோடு முடியவில்லை. முதலாம் இராசேந்திரன் இலங்கையை வென்றான். 1017-ஆம் ஆண்டையொட்டி ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 12 ஆண்டுகள் சோழநாட்டிலேயே இருந்து மடிந்தான். முடிகளைக் கவர்ந்து வந்ததை நம் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பாடுகிறது. விகாரைகள் சூறையாடப்பட்டதை அவர்கள் ஏடு கண்ணீரோடு சொல்கிறது. நம் அரசன் கடல் கடந்தால் வீரம், அவர்கள் அரசன் கடல் கடந்தால் கொடுமையா? துலாக்கோல் ஒன்றாக இருக்கட்டும். அல்லது வரலாறு எழுதும் வேலையையே விட்டுவிடுவோம்!

அந்தத் துலாக்கோலில் மன்னர்களை மட்டும் நிறுத்தினால் போதாது. இங்கே சிறைபிடித்த தமிழரைப் பராக்கிரமபாகு என்ன செய்தான்? தமிழர் முன்பு சிதைத்ததாகச் சொல்லப்பட்ட அனுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிட அவர்களை ஏவினான் என்கிறது சூளவம்சம். தாத்தன் காலத்துப் படையெடுப்புக்குப் பேரன் காலத்து ஏழைகள் செங்கல் சுமந்தனர்! அவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எந்தக் கல்லிலும் இல்லை. வென்றவர் யார் என்று அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர்?

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கிடப்பது குறுகிய கடல். இரு கரையிலும் வலை வீசி வயிறு வளர்க்கும் மக்கள் இருக்கிறார்கள். பழைய வெற்றிகளைச் சொல்லி அவர்களை மோதவிட இரு கரையிலும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு நாம் தரும் விடை, முழு வரலாறு. பாதி வரலாறு நஞ்சு. முழு வரலாறே மருந்து.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருக்கிறதா? சுண்ணாம்பு பூசி மறைக்க விடாதீர்கள். படித்தவரை அழைத்துப் படியுங்கள், படி எடுங்கள். அக்கரை ஏட்டையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். நம்மவர் தோற்ற இடத்தில் தோல்வி என்றே எழுதுங்கள். அதை எழுதும் துணிவு உள்ளவன் வெற்றி என்று எழுதும்போதுதான் உலகம் நம்பும்.