பிரிட்ஜ் குளிரலைன்னா முதல்ல என்ன பாக்கணும்?

(ஜெயமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம குழுக்கள்ல பல பேர் பெட்டிக்கடை, மாவுக்கடை, பால், தயிர், ஐஸ் வியாபாரம் செய்றோம். அதுக்குக் கடன் போட்டு டீப் ப்ரீசரோ கண்ணாடிக் கதவு கூலரோ வாங்குறோம். பக்கத்துல வடுகபட்டிச் சந்தைப் பூண்டு காத்தாட வச்சாலே மாசக்கணக்குல கெடாது. பாலும் மாவும் அப்படியா? சித்திரை வெயில்ல அரை நாள் தாங்காது. பெட்டி நின்னு போகலாம், அதுக்கு வாங்குன கடன் தவணை நிக்காது. அதனாலதான் இதைப் பத்திப் பேசணும்னு கேட்டுக்கிட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குறது இல்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுது, அவ்வளவுதான். கம்ப்ரசர் கேஸை அழுத்துது. அந்தக் கேஸ் பின்னாடியோ அடியிலயோ இருக்கிற கம்பி வலையில சூட்டை விட்டுட்டு, உள்ளே போய்க் குளிருது. மண்பானைத் தண்ணி எப்படி? கசியுற நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. இங்கேயும் அதே கதைதான். இங்கே அந்தக் கேஸ் வெளியே போகாம திரும்பத் திரும்பச் சுத்துது. சூடு வெளியே போக வழி இல்லைன்னா உள்ளே குளிராது. இது புரிஞ்சா பாதிக் கோளாறை நாமளே கண்டுபிடிக்கலாம்.

சரக்கைக் காப்பாத்துங்க

குளிரலைன்னு தெரிஞ்சதும் கதவைத் திறந்து திறந்து பாக்கக் கூடாது. நிறைஞ்ச டீப் ப்ரீசரை மூடியே வச்சா சுமார் 2 நாள் தாங்கும், பாதிதான் இருந்தா ஒரு நாள். சாதாரண பிரிட்ஜ் 4 மணி நேரம்தான். கண்ணாடிக் கதவு கூலரு அதைவிடச் சீக்கிரம் சூடாகும். பாலை உடனே காய்ச்சிருங்க. உருகுன ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வச்சு விக்காதீங்க. வாங்கிச் சாப்பிடுறது நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான். நஷ்டம் ஒரு நாளோட போகும், பேரு போனா வராது.

கரண்டைப் பாருங்க

உள் விளக்கு எரியுதா? எரியலைன்னா அதே பிளக்கில வேற ஒரு சாமானை மாட்டிப் பாருங்க. பிளக் கருகியிருக்கா, மெயின் சுவிட்ச் விழுந்திருக்கான்னு பாருங்க. தெருவுக்கே கரண்டு இல்லைன்னா மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்யலாம். இது 2021-ல இருந்து நடக்குது.

விளக்கு எரிஞ்சும் பெட்டி ஓடலைன்னா வோல்டேஜ் குறைவா இருக்கலாம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். தோட்டத்து மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓடும் நேரத்தில அது இறங்கிரும். அதுக்குத்தான் ஸ்டெபிலைசர். சுவிட்சை உடனுக்குடன் அணைச்சுப் போடாதீங்க. அணைச்சா 5 நிமிஷம் பொறுத்துப் போடுங்க. இல்லைன்னா கம்ப்ரசர் திணறும்.

திருகு எந்த எண்ணில இருக்குன்னும் பாருங்க. துடைக்கும்போதோ பிள்ளைங்க விளையாடும்போதோ திரும்பியிருக்கும். சில டீப் ப்ரீசர்ல ப்ரீசர், கூலர்னு ரெண்டுக்கும் மாத்துற சுவிட்ச் உண்டு. அது கூலர் பக்கம் இருந்தா ஐஸ் உறையாது, பெட்டியில கோளாறும் இருக்காது.

சத்தத்தைக் கேளுங்க

சத்தமே இல்லைன்னா திருகோ ரிலேயோ வயரோ போயிருக்கும். அது மெக்கானிக் வேலை. கொஞ்ச நேரம் "ம்ம்"னு உறுமி "டக்"னு நின்னா, வோல்டேஜ் இல்லைன்னா ரிலே, கெபாசிட்டர் கோளாறு. அப்படியே விட்டா கம்ப்ரசரே கருகிரும். உடனே அணைச்சிருங்க. ரிலே சின்னச் சாமான், கம்ப்ரசர் பெருஞ்செலவு.

விடாம ஓடியும் குளிரலைன்னா, நாம செய்ய வேண்டியது நாலு.

1. பிளக்கைப் பிடுங்கிட்டு கம்பி வலையில அடைஞ்ச தூசி, மாவு, எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால துடைங்க. வலைத் தகடு வளையாம பாத்துக்கோங்க. சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்க. அடுப்புக்கும் வெயிலுக்கும் பக்கத்துல வைக்காதீங்க.

2. கம்பி வலைப் பக்கத்துல இருக்கிற பேன் சுத்துதான்னு பாருங்க. கையை விடாதீங்க.

3. கதவு ரப்பர்ல ஒரு ரூபா நோட்டை வச்சு மூடி இழுத்துப் பாருங்க. லேசா வந்துச்சுன்னா ரப்பர் தளர்ந்திருக்கு. சோப்புத் தண்ணியில துடைச்சுப் பாருங்க, அப்பவும் பிடிக்கலைன்னா மாத்தணும்.

4. உள்ளே ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல படிஞ்சா சரக்கை எடுத்துட்டு அணைச்சுக் கரைய விடுங்க. கத்தி, கரண்டி, திருப்புளியால குத்தாதீங்க. உள்ளே இருக்கிற குழாய் ஓட்டையானா கேஸ் மொத்தமும் போயிரும். சூடான மாவு, காய்ச்சுன பாலை ஆற வைக்காம உள்ளே வைக்கவும் வேண்டாம்.

"கேஸ் போயிருச்சு"ன்னு சொன்னா

சில பேர் பாத்ததும் பாக்காததுமா இதைத்தான் சொல்லுவாங்க. கேட்டுக்கோங்க: கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி செலவாகுற பொருள் இல்லை இது. மூடுன குழாய்க்குள்ளேயே சுத்துது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டை இருக்கணும். "ஓட்டை எங்கே? அடைச்சீங்களா? பில்டர் மாத்துனீங்களா? காத்தை உறிஞ்சி எடுத்துட்டுத்தான் ஏத்துனீங்களா?"ன்னு நாலு கேள்வி கேளுங்க. ஓட்டையை அடைக்காம ஏத்துனா கொஞ்ச நாள்ல மறுபடி வருவாரு, மறுபடி பணம்.

பெட்டி மேல இருக்கிற லேபிளில கேஸ் பேரு இருக்கும். பழைய ஆர் 12 ஓசோன் படலத்தைக் கெடுக்குதுன்னு 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, நம்ம நாட்டுல 2010-க்குள்ள அதை நிறுத்திட்டாங்க. ஆர் 600ஏ, ஆர் 290-ன்னு இருந்தா அது சமையல் கேஸ் வகைதான், தீப்பிடிக்கும். கசிவு வேலை நடக்கும்போது பக்கத்துல அடுப்பு வேண்டாம், கதவு ஜன்னலைத் திறந்து வைங்க. இந்த வேலை தெரிஞ்ச ஆளைத்தான் கூப்பிடணும்.

பெட்டியைத் தொட்டா சுர்ருன்னு அடிச்சா அதோட விட்ருங்க. மெயினை அணைச்சிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு பின் பிளக், நல்ல எர்த், கசிவுச் சுவிட்ச் மூணும் கட்டாயம். ஈரக் கையோட, வெறுங்காலோட எதையும் தொடாதீங்க. வியாபாரத்தை விட உயிர் பெருசு.

நோட்டில எழுதுங்க

சேமிப்புக்கு நோட்டு வைக்கிற மாதிரி பெட்டிக்கும் ஒரு நோட்டு வைங்க. வாங்குன தேதி, பில், வாரண்டி அட்டை, யார் என்ன சாமான் மாத்துனாங்க, எவ்வளவு கொடுத்தோம், எல்லாம் இருக்கணும். கம்ப்ரசருக்குத் தனி வாரண்டி உண்டான்னு அட்டையைப் படிச்சுப் பாருங்க. வாரண்டி இருந்தும் அலைய விட்டா 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். சுயதொழிலா பிழைப்புக்கு வாங்குனவங்களும் நுகர்வோர்தான்னு 2019 சட்டம் சொல்லுது. பில் இல்லைன்னா பேச்சு நிக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் பெட்டியோட கம்பி வலையைத் துடைச்சிட்டு, ரப்பரை நோட்டு வச்சுப் பாத்துட்டு வாங்க. சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.