காய்ச்சல் விட்டாலும் சர்க்கரையைக் கவனியுங்கள்



யூரியாவை அள்ளிப் போட்ட நெல்லில் புகையான் அடையும். ரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் இதே கதைதான்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, காய்ச்சல் தணிந்தவர்கள் சிலரைக் கருப்புப் பூஞ்சை நோய் பிடித்ததே, நினைவிருக்கிறதா? அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை வியாதிக்காரர்கள். இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்ததல்ல. நம் மண்ணில், குப்பைக்குழியில், மக்கிய இலையில் இருப்பதுதான். அதன் வித்துக்கள் மூச்சோடு உள்ளே போகும். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் பிடித்து விழுங்கிவிடும். சர்க்கரை மீறிப்போனால் அந்தக் காவல்காரர்கள் மந்தமாகிவிடுகிறார்கள். இடத்துக்குப் போய்ச் சேரவே நேரமாகிறது. விழுங்கினாலும் கொல்ல வலுவில்லை. வைரஸ் காய்ச்சலோ சர்க்கரையை இன்னும் ஏற்றும். மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அதுவும் சர்க்கரையை ஏற்றி, வெள்ளை அணுக்களை அடக்கும்.

ஆகவே, "சாப்பாடே இறங்கலை, மாத்திரை எதுக்கு?" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் நேரத்திலும், விட்ட பிறகு சில வாரமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை எருக்குழி கிளறும் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள்.

முகம் ஒரு பக்கம் வீங்கினாலோ, கன்னம் மரத்தாலோ, மூக்கில் கருப்பாக வடிந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேல்தாடையில் வலி வந்தால், பல்வலிதானே என்று கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நாள் கடத்தினால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.