மருந்துச் சீட்டில் தொடங்கும் வறுமை

(மக்கள் நல்வாழ்வுக் கொள்கை குறித்துக் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதை, 1946இல் அறிக்கை அளித்த ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வு மற்றும் மேம்பாட்டுக் குழு அடிப்படைக் கோட்பாடாக வகுத்தது. காலனி ஆட்சியின் இறுதியில் எழுதப்பட்ட அந்தக் கோட்பாடு இன்றளவும் நிறைவேறவில்லை. நோய் வந்தால் கடனும் வரும் என்பதே உழைக்கும் குடும்பங்களின் அனுபவம்.

அக்கடன் எங்கிருந்து பிறக்கிறது? பெரிய அறுவை சிகிச்சைகளிலிருந்தே பிறக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆய்வுகள் வேறு விடை தருகின்றன. சக்திவேல் செல்வராஜ், ஹபீப் ஹசன் ஃபரூக்கி, அனுப் கரண் ஆகியோர் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, 2018இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வெளியானது. 2011-12ஆம் ஆண்டில் மருத்துவச் செலவால் வறுமைக்குள் தள்ளப்பட்டோர் 5.5 கோடிப் பேர் என்றும், மருந்துச் செலவு ஒன்றினால் மட்டுமே அந்நிலைக்கு ஆளானோர் 3.8 கோடிப் பேர் என்றும் அது மதிப்பிட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகள் ஓசையின்றிக் கூலியைக் கரைக்கின்றன.

காப்பீடு எதைக் காக்கிறது?

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிப்பதாகக் கூறுகிறது. ஆனால் அது உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், அதையொட்டிய சில நாட்களுக்கும் மட்டுமே உரியது. புறநோயாளியின் மருந்துச் சீட்டு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 2008இல் வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தின் குறைபாடும் இதுவே. ஓட்டை ஓரிடத்தில் இருக்க, அடைப்பு வேறிடத்தில் நடக்கிறது.

மருத்துவம் ஏனைய சரக்குகளைப் போன்றதன்று என்பதை முதலாளித்துவப் பொருளாதார அறிஞரான கென்னத் ஆரோவே 1963இல் விளக்கினார். தமக்கு எது தேவை என்பதை நோயாளியால் தீர்மானிக்க இயலாது; விற்பவரே அதையும் தீர்மானிக்கிறார். அத்தகைய சந்தைக்குள் பொதுப்பணத்தைக் காப்பீட்டின் வழியே பாய்ச்சினால், கண்காணிப்பு வலுவாக இருந்தாக வேண்டும். ஒரே கைபேசி எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிப்படுத்தியது.

விலையை நிர்ணயிப்பது யார்?

பொதுத்துறையில் 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1961இல் ஐ.டி.பி.எல். ஆகியவை உருவாயின. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மலிவான மருந்து உற்பத்திக்கு வழிதிறந்தது. 1979ஆம் ஆண்டு ஆணையின் கீழ் 347 மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன; 1995இல் அவை 74ஆகச் சுருங்கின. 2013ஆம் ஆண்டு ஆணை, பட்டியலில் மருந்துகளைக் கூட்டியபோதிலும், உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொள்ளும் முறையையே கைவிட்டது. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையுடன், சில்லறை வணிகர்க்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது. நிறுவனங்கள் வைத்த விலையே அவற்றைக் கட்டுப்படுத்தும் அளவுகோலாகிறது!

நடைமுறையில் நிரூபணமான மாற்று

1995 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மூலப்பெயரில், திறந்த ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது; தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகளின் வழியே வழங்குகிறது. சிதறிக் கிடக்கும் நோயாளிகளுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. ஒரே பெரிய கொள்முதலாளராக நிற்கும் அரசுக்கு அது உண்டு. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 முதல் இதே வழியில் இலவச மருந்துத் திட்டத்தை நடத்துகிறது.

மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கைப்பணத்தின் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டதாகத் தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. ஒன்றிய அரசு இதைச் சாதனையாக முழங்குகிறது. இக்கணக்குக்கு ஆதாரமான 2017-18 மாதிரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தோரின் விகிதமே முந்தைய 2014 ஆய்வைவிடக் குறைந்திருந்தது. சிகிச்சைக்கே செல்லாதவர் செலவு செய்வதில்லை. செலவு குறைந்ததையும் சுமை குறைந்ததையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அரசின் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 40 ரூபாயை மக்களே தருகின்றனர்.

2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல் எட்டியது 1.84 சதவீதமே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. எல்லா மாநிலங்களிலும் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகளுக்கும் மருந்து இலவசமாக வழங்கப்பட வேண்டும். உற்பத்திச் செலவின் அடிப்படையிலான விலைக் கட்டுப்பாடு மீட்கப்பட வேண்டும். பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் புத்துயிர் பெற வேண்டும். காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேள்வியைத் திசைதிருப்புவோரிடம், கிளைகள்தோறும் தோழர்கள் எழுப்ப வேண்டிய வினா ஒன்றே: இந்த மாதத்து மாத்திரைக்குப் பணம் கொடுப்பது யார்?